பினாங்கின் பாரவண்டிகள்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பாரம் சுமந்த முதல் சக்கரம் மாட்டுவண்டியின் சக்கரம். 1786இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றத்தைத் தொடங்கியபின் இங்கே வந்த கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கவில்லை. கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மூட்டைகள் தொங்கான் என்ற சரக்குப் படகுக்கு இறங்கும். தொங்கானிலிருந்து தோளில் ஏறிக் கரைக்கு வரும். கரையிலிருந்து வண்டியேறிக் கிடங்குக்குப் போகும். கிடங்கு என்ற சொல்லே இந்தத் தொழிலோடு ஊர் ஊராகப் பயணம் செய்தது. மலாய்க்காரரின் ‘குடாங்’, ஆங்கிலேயரின் ‘கோடவுன்’, செட்டியார்களின் ‘கிட்டங்கி’ எல்லாம் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று சொல்வதுண்டு.

வண்டியோட்டிகளில் தமிழர் மிகுதி. தார் போடாத காலத்துச் சாலைகளில் அரிசி, மிளகு, சர்க்கரை, செங்கல், விறகு எல்லாம் மாட்டுவண்டியில்தான் போயின. தண்ணீரும் அப்படித்தான் வந்தது. பர்மா ரோடு என்று ஆங்கிலத்தில் பெயர்பெற்ற சாலையைச் சீனர்கள் இன்றும் ‘வண்டித் தண்ணீர்ச் சாலை’ என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். மலாயில் அதன் பழைய பெயர் ‘ஜாலான் தாரிக் ஆயர்’, அதாவது தண்ணீர் இழுக்கும் சாலை. குழாய் வந்து வண்டி நின்றுபோன பிறகும் பெயர் நிற்கிறது. மாட்டுவண்டிக்கு நகரம் எழுப்பிய நினைவுச்சின்னம் என்று வேறெதையும் காட்டுவது கடினம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரத்தின் அளவே மாறியது. பேராக்கிலிருந்து ஈயம் வந்து குவிந்தது. 1897இல் டத்தோ கெராமாட் சாலையில் தொடங்கிய ஈய உருக்காலை பின்னர் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியாக வளர்ந்தது. தாது துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போக வேண்டும். உருக்கிய கட்டி ஊருக்குள்ளிருந்து துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். ரயில் தண்டவாளமோ நீரிணைக்கு அக்கரையில் பிறையோடு நின்றுவிட்டது. மணிக்கூண்டோடு ரயில் நிலையக் கட்டடம் ஒன்று வெல்ட் கீ அருகே எழுந்தது உண்மை. அங்கே டிக்கெட் வாங்கலாம், ரயிலைத்தான் பார்க்க முடியாது. பயணி படகேறி அக்கரைக்குப் போக வேண்டும். ஆகவே தீவுக்குள் எந்தப் பாரத்தையும் சாலைதான் தாங்கியாக வேண்டியிருந்தது.

1880களில் நீராவி டிராம் வந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஆயர் ஈத்தாம் பக்கமாகப் புகை கக்கிக்கொண்டு ஓடிய அதன்மீது நகரவாசிகளுக்குப் பெரிய பாசம் ஏதும் இருக்கவில்லை. 1906இல் நகராட்சியின் மின்சார டிராம் வந்தது. சாலைக்கு நடுவே தண்டவாளம், தலைக்குமேலே கம்பி. 1920களின் நடுவில் அதே கம்பியை வைத்துக்கொண்டு தண்டவாளத்தை மட்டும் கைவிட்ட ட்ராலிபஸ் தலைகாட்டியது. 1936இல் டிராம் ஓய்ந்தது. ட்ராலிபஸ் 1961 ஜூலை மாதம்வரை தாக்குப்பிடித்தது. லண்டனில் ஓடிக் கழிந்த இரட்டைத்தட்டு ட்ராலிபஸ்கள் சிலவும் கடைசி ஆண்டுகளில் பினாங்குத் தெருக்களில் ஓடின. ஒரு நகரத்துக்குப் பழசானது இன்னொரு நகரத்துக்குப் புதுசு. பெருவண்டிகளின் உலகில் இது அன்றாட நடைமுறை, அவை அருங்காட்சியகத்தை எட்டாமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

டிராமும் ட்ராலிபஸ்ஸும் ஆட்களைச் சுமந்தன. மூட்டையைச் சுமக்க வந்தது லாரி. பினாங்குத் தமிழர் வாயில் அது ‘லோரி’. 1920களில் நீரிணையைக் கடக்கும் பெரி வாகனங்களையும் ஏற்றத் தொடங்கியது, லாரிக்கு அக்கரைக் கதவைத் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் கம்பெனிகள் அனுப்பியது பெரும்பாலும் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டுமே. மேல்கூட்டை உள்ளூர்த் தச்சர்கள் கட்டினார்கள், செங்கால் போன்ற கடினமான மலேசிய மரங்களால். இதனால் ஒரே கம்பெனியின் இரண்டு லாரிகள் பக்கத்தில் நின்றாலும் முகச்சாயல் வேறு வேறாக இருக்கும். கதவில் உரிமையாளர் பெயரும், அதனடியில் வெற்று எடையும் பாரத்தோடு கூடிய எடையும் எழுதப்பட்டிருக்கும், ‘BTM’, ‘BDM’ என்று மலாய்ச் சுருக்கெழுத்தில் இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ‘கெலிண்டான்’. பாரம் ஏற்றி இறக்குவது, பின்னால் பார்த்துச் சொல்வது, கட்டை வைப்பது எல்லாம் அவன் வேலை. ஓட்டுநர்களில் பலர் கெலிண்டானாகத் தொடங்கியவர்களே.

1941 டிசம்பரில் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். போர் முடிந்ததும் இராணுவத்துக்கு வேண்டாத லாரிகள் மலாயா முழுவதும் ஏலத்துக்கு வந்தன. பழைய பெருவண்டியை உடைக்காமல், பிரித்து, மாற்றிக் கட்டிப் பயன்படுத்தும் கலை இந்த மண்ணில் அப்போதுதான் முழுமையடைந்தது. அதன் உச்சம் ‘சான் தாய் வோங்’. மலையின் அரசன் என்பது சீனத்தில் அதன் பொருள். இராணுவ லாரியின் கூட்டைக் கழற்றி, வலுவான சட்டமும், எஞ்சினே சுழற்றும் இழுவைச் சுருளும் பொருத்திய மரமிழுக்கும் வண்டி அது. காட்டுச் சரிவில் வெட்டிக் கிடக்கும் மரத்தை எஃகுக் கயிற்றால் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, பாதி தூக்கியும் பாதி தரையில் உரசவிட்டும் கொண்டுவரும். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, அழகு என்ற பேச்சே கிடையாது. எந்தத் தொழிற்சாலையும் அதை வடிவமைக்கவில்லை. பட்டறைக்காரர்கள் கண்ணளவில் கட்டினார்கள். இது தீபகற்பத்துக் காடுகளின் வண்டி, பினாங்குத் தெருவின் வண்டி அல்ல. ஆனால் மலேசியப் பெருவண்டி வரலாற்றில் பாதுகாக்கத் தகுந்த ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பெருவண்டியைப் பாசத்தோடு சேகரிப்பது பிரிட்டனில் தொடங்கிய பழக்கம் எனலாம். வரலாற்று வணிக வாகனச் சங்கம் அங்கே 1958இல் அமைந்தது; 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டன்வரை பழைய லாரிகளின் ஆண்டு ஊர்வலம் நடக்கிறது. லங்காஷயரில் லேலண்ட் என்ற சிற்றூரில் 1896இல் நீராவி வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி, ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனபோது அந்தப் பெயர் சென்னையை அடுத்த எண்ணூரில் தமிழ்ப்பெயரைப் போலவே பழகிப்போனது. லேலண்ட் ஊரில் இன்று வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு பெயரால் அமைந்த அருங்காட்சியகம் கார்களைத்தான் முன்னிறுத்துகிறது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரியால் வாழ்ந்த ஊர்கள், லாரிக்கு அங்கே ஆயுதபூஜை உண்டு, அருங்காட்சியகம் இல்லை.

காரணம் எளிது. கார் வாரம் ஒருமுறை ஓடினாலும் போதும். வீட்டுக் கொட்டகையில் அடங்கும். லாரி ஓடாமல் நின்றால் நட்டம், நிறுத்த இடமும் பெரிது. மலேசியாவில் வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயத் தகுதிச் சோதனையைத் தாண்ட வேண்டும். தாண்டாத வண்டியின் எஞ்சின் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம், கியர்பெட்டி ஒரு பக்கம் என்று விலைபோகும். பினாங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1969இல் தீவு சுதந்திரத் துறைமுக நிலையை இழந்தது. சரக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்தின் கப்பல்துறைகளுக்குப் போனது, பின்னால் கொள்கலன்களுக்குள் புகுந்தது. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்தபோது லாரி பெரிக்குக் காத்திருக்கும் வரிசையும் குறைந்தது. வெல்ட் கீயின் கிடங்குகள் மெல்ல மெல்ல வெறுமையாயின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுன் கட்டடங்களைக் காப்பாற்றியது. அவற்றுக்குச் சரக்கு கொண்டுவந்த வண்டிகள் அதற்குள் இரும்புக்கடை போயிருந்தன.

எஞ்சியவற்றின் பட்டியல் சிறியது. சூலியா தெருவும் பினாங்கு ரோடும் கூடுமிடத்தில் தாருக்கடியிலிருந்து வெளிப்பட்ட டிராம் தண்டவாளத் துண்டு ஒன்று. கொடிமலை மீதேறும் ரயிலின் 1923ஆம் ஆண்டு மரப்பெட்டிகளில் ஒன்றிரண்டு. ஃபார்குவர் தெரு அருங்காட்சியகம் ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றையும் காட்சிக்கு வைத்திருந்தது, 1951இல் பதுங்கியிருந்தவர்களின் துப்பாக்கிச் சூட்டில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி இறந்தபோது பயணம் செய்த கார். அதிகாரி ஏறிய வண்டிக்கு அருங்காட்சியகம் கிடைக்கிறது, அரிசி ஏறிய வண்டிக்கு இல்லை. வாகனம் ஏற்றிய பழைய பெரிகளில் ‘புலாவ் பினாங்’ மட்டும் அண்மையில் மிதக்கும் அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது.

ஆனால் தீவில் இன்னும் வேலை செய்யும் பழைய பெருவண்டி ஒன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அது நகரத்தாரின் வெள்ளித்தேர். 1894இல் தமிழ்நாட்டில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது, மரச்சட்டத்தின்மேல் வெள்ளித் தகடு போர்த்தியது. தைப்பூசத்துக்கு முதல்நாள், செட்டிப்பூசத்தன்று விடியுமுன் பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தண்டாயுதபாணியை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைப் பக்கமுள்ள நகரத்தார் கோயிலுக்குப் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடையும். உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். தேரை இழுப்பவை காளைகள். எனவே டிராமும் ட்ராலிபஸ்ஸும் மறைந்து முறையே எண்பது, அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆன பின்னும் ஜார்ஜ் டவுன் தெருவில் மாட்டுவண்டியின் சக்கரம் ஆண்டுக்கு இரண்டு நாள் உருள்கிறது.

இந்தத் தேர் இத்தனை காலம் நின்றதற்குப் பக்தி ஒரு காரணம், பராமரிப்பு இன்னொன்று. வெள்ளி கறுக்கும்; மரம் ஈரப்பதத்தில் உப்பும்; அச்சு தேயும். கறுத்ததைத் துலக்கியும் தேய்ந்ததை மாற்றியும் வைத்தால்தான் அடுத்த ஆண்டுக்கு வண்டி தயாராகும். பழைய லாரியை மீட்டெடுப்பவர் ஒவ்வொரு பாகமும் தொழிற்சாலையில் பிறந்ததுபோலவே இருக்க வேண்டும் என்பார். தேருக்கு அந்தக் கவலை இல்லை, சாமியைச் சுமக்கத் தகுதியாக இருந்தால் போதும். 2017 முதல் இந்து அறநிலைய வாரியத்தின் தங்கத் தேரும் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போகிறது. தைப்பூசத்துக்கு மறுநாள் மாலை வெள்ளித்தேர் திரும்பப் புறப்பட்டு, இரவெல்லாம் ஊர்ந்து, பினாங்குத் தெருவை வந்தடையும்.