முனையத்தின் தடப்பதிவு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரே நிகழ்ச்சியைக் கண்டோர் இருவர் அதனை இருவேறு விதமாகச் சொல்வதுண்டு. அவ்வேளையில் வழக்கைத் தீர்ப்பது எழுத்திலுள்ள சான்றே ஆகும். கணிப்பொறித் துறையிலும் இந்நிலை உண்டு. தொலைவிலுள்ள கணிப்பொறியைப் பேணுவோர் தம்மிடம் பிழையில்லை என்பர். திரையின்முன் அமர்ந்திருப்பவரோ எழுத்துகள் சிதைந்து வருகின்றன என்பர். இருவருக்குமிடையே உண்மையில் சென்றதும் வந்ததும் எவை என்பதை ஒன்றுவிடாமல் பதிந்து வைப்பதே தடப்பதிவு. அதன் வரலாறு தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அறியத்தக்கது. ஏனெனில் அவ்வரலாற்றில் தமிழெழுத்தும் ஒரு வழக்காளியாக நின்றிருக்கிறது.

தாளில் நின்ற சான்று

கணிப்பொறியோடு உரையாடப் பயன்பட்ட பழைய கருவிகளுள் தொலைத்தட்டச்சு ஒன்றாகும். 1963-இல் வெளிவந்த டெலிடைப் 33-ஆம் மாதிரி, நொடிக்கு 10 எழுத்துகளைத் தாளில் பதித்தது. மனிதன் கேட்டதும் கணிப்பொறி விடுத்த விடையும் ஒரே தாள்சுருளில் அடுத்தடுத்து நின்றன. ஐயம் எழுந்தால் சுருளை விரித்துப் பார்த்தனர். கருவி மெதுவானது, ஆனால் அது எதையும் மறக்கவில்லை.

1970-களில் திரை முனையங்கள் பரவின. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி. 100 அவற்றுள் புகழ்மிக்கது. அதன் திரை 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்டது. எழுத்துகளோடு கட்டளைகளும் அதற்கு எண்களாகவே வந்தன. சான்றாக, 27, 91, 50, 74 என்னும் நான்கு எண்கள் வந்தால் திரை முழுவதும் துடைக்கப்படும். அவ்வெண்கள் கண்ணுக்குத் தோன்றா. அவற்றின் விளைவே தோன்றும். வேகம் வந்தது, சான்று மறைந்தது.

முனையம்போல் நடித்த மென்பொருள்

1980-களில் தனியாள் கணிப்பொறிகள் பெருகியதும், முனையத்தின் வேலையை மென்பொருளே ஏற்றது. வி.டி. 100 செய்வதையெல்லாம் அதுவும் செய்துகாட்ட வேண்டும். இதில் நுட்பங்கள் பல. 80-ஆம் இடத்தில் எழுத்து விழுந்தவுடன் வி.டி. 100-இன் இடங்காட்டி அடுத்த வரிக்குத் தாவுவதில்லை. அடுத்த எழுத்து வரும்வரை அங்கேயே காத்திருக்கும். இச்சிறு செய்தியை அறியாத மென்பொருளில் வரிகள் பிறழ்ந்தன. பிழை யாருடையது என்று திரையைப் பார்த்துச் சொல்லுதல் அரிதாயிற்று.

இக்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் பிறந்தது ‘கெர்மிட்’. பிராங்க் டா குரூஸ், பில் காச்சிங்ஸ் ஆகியோர் உருவாக்கிய அது, கோப்புகளைக் கணிப்பொறிகளுக்கிடையே அனுப்பும் நெறிமுறையாகத் தொடங்கி, முனையமாகவும் இயங்கும் மென்பொருளாக வளர்ந்தது. உரையாடலைப் பதிதல், அனுப்பிய பொதிகளைப் பதிதல், மென்பொருளின் உள்ளியக்கத்தைப் பதிதல் எனத் தடப்பதிவு வகைகள் அதன் கட்டளைகளாகவே அமைந்தன. தாள்சுருள் இழந்த சான்றினைக் கோப்பு மீட்டுத் தந்தது.

தடப்பதிவு எடுப்பதற்கும் முறை உண்டு. இணைப்புத் தொடங்குமுன்பே பதிவைத் தொடங்குதல் வேண்டும். முனையத்தின் வகை, திரையின் அளவு ஆகியவற்றை இரு கணிப்பொறிகளும் பேசி முடிவு செய்வது பெரும்பாலும் தொடக்கத்திலேதான். பின்னர்ப் பிழையை விளைவிக்கும் மிகச் சிறிய செயலை மட்டும் செய்து, பதிவை நிறுத்துதல் வேண்டும். பிழையின்றி இயங்கும் மற்றொரு முனையத்தின் பதிவோடு அதனை ஒப்பிட்டால், இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது புலப்படும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியரின் பணியும் இத்தகையதே.

சான்றும் மறைபொருளும்

1988-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ‘டி.சி.பி. டம்ப்’ என்னும் கருவி எழுந்தது. அது வலைவழியே செல்லும் பொதிகளையே படித்துக் காட்டியது. பழுது நீக்குவோர்க்கு அது பெரும் துணை. ஆயினும் தீயோர் கையிலும் இத்தகைய கருவிகள் சேர்ந்தன. அந்நாளைய டெல்நெட் இணைப்பில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, டாட்டு யிலோனென் 1995-இல் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் மறையாக்க முறையை வகுத்தார். அதன்பின் வழியில் நின்று கேட்பவருக்குப் பொருள் விளங்கவில்லை. எனவே தடப்பதிவு மீண்டும் மென்பொருளின் உள்ளே இடம்பெயர்ந்தது. சைமன் டாத்தம் உருவாக்கிய ‘பட்டி’ என்னும் மென்பொருள், பொதிகளைப் பதியும்போது தானறிந்த கடவுச்சொற் பகுதிகளை விலக்கியே பதிகிறது. சான்று வேண்டும், ஆனால் பிறர் மறைபொருளைச் சான்று வெளிப்படுத்தலாகாது. இப்பண்பாடு துன்பத்தின் வழியே வந்தது.

அகரத்தின் வழக்கு

இனித் தமிழுக்கு வருவோம். 1991-இல் வெளிவந்த யூனிக்கோடு முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எப்.-8 முறையில் ‘அ’ என்னும் எழுத்து 224, 174, 133 என மூன்று எண்களாகச் செல்லும். ஆனால் 1983-இல் வந்த வி.டி. 220 மரபில் 133 என்பது எழுத்தன்று. ‘அடுத்த வரிக்குச் செல்’ என்னும் கட்டளை! ஆகவே பழைய மரபில் நிற்கும் மென்பொருளுக்குத் தமிழ் அனுப்பினால், அகரம் வருமிடந்தோறும் வரி முறியும். ‘ட’ என்பதன் இறுதி எண் 159. அது ஒரு கட்டளைத் தொடரின் தொடக்கம்; அம்மரபை முழுதும் பின்பற்றும் மென்பொருள், முடிவுக்குறி வரும்வரை பின்வருவனவற்றை விழுங்கிவிடும்.

திரையை மட்டும் கண்டவர், கணிப்பொறிக்குத் தமிழ் ஏற்றதன்று என்று முடிவு கட்டலாம். தடப்பதிவைக் கண்டவரோ 224, 174, 133 ஆகிய மூன்றும் பழுதின்றி வந்து சேர்ந்ததை அறிவார். அனுப்பியவரும் குற்றவாளியல்லர், எழுத்தும் குற்றவாளியன்று. முனையத்தின் எழுத்துமுறை அமைப்பை மாற்றினால் அகரம் அகரமாகவே நிற்கும்.

மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் எளிது. தோற்றத்தைக் கொண்டு பழி சுமத்தாது, நடந்ததைப் பதிந்து, ஒப்பிட்டு, பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். இலக்கிய ஆய்வுக்கும் வரலாற்று ஆய்வுக்கும் இதுவே நெறி. நம் மொழிக்கு ஒரு கருவியில் இடமில்லை என்று எவரேனும் சொல்லும்போது, சான்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அச்சான்றைப் படிக்கும் பயிற்சியும் உடன் வேண்டும்.