மாத நடுவில் வரும் வயிற்றுவலி: நம்பப்படாத ஒரு வலியின் வரலாறு



தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் இதை எழுதுகின்றோம். வாப்பாமாரும் வாசிக்க வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் ஒரு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலை வைத்தால், முதலில் வரும் கேள்வி "மாதவிடாயா?" என்பதுதான். "இல்லை, அது முடிந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது" என்று அவள் சொன்னால், "அப்படியென்றால் பாடத்துக்குக் கள்ளம்" என்று முடிவுகட்டுவோர் உண்டு. வீட்டிலும் இதே கதைதான். இந்தச் சந்தேகம் எங்கள் ஊரில் பிறந்ததல்ல. உலக வைத்தியமே நீண்டகாலம் இந்த வலிக்குக் காரணம் தெரியாமல் நின்றது.

1672இல் ஒல்லாந்து வைத்தியர் ரெய்னியர் டி கிராப், சூலகத்தில் உள்ள நீர் நிறைந்த புடைப்புகளை விவரித்து எழுதினார். அந்தப் புடைப்பே முட்டை என்று அவர் எண்ணினார். உண்மையான முட்டையை 1827இல் ஒரு நாயின் சூலகத்தில் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் வொன் பேயர். ஆனால் பெண்ணின் உடலில் அது எந்த நாளில் வெளியேறுகிறது? நாய்க்குச் சினைக்காலத்தில் இரத்தம் படுவதைப் பார்த்து, மனிதரிலும் மாதவிடாயோடுதான் முட்டை வெளியேறும் என்று 19ஆம் நூற்றாண்டு வைத்தியர் பலர் நம்பினர். அந்தக் கணக்குப்படி மாத நடுவில் வலி வரக் காரணமே இல்லை.

ஆனாலும் பெண்களுக்கு வலித்தது. அவர்கள் சொன்னதைக் கேட்டு, இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் வரும் வலியைப் பற்றி 1872இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரீஸ்ட்லி எழுதினார். ஜேர்மன் வைத்தியர் அதை 'நடு வலி' என்ற பொருளில் 'மிற்றெல்ஷ்மேர்ட்ஸ்' என்றனர். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது.

அதே காலத்தில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிரசவ வைத்திய நூலும் 1857இலேயே தமிழுக்கு வந்துவிட்டது. ஆனால் முட்டை வெளியேறும் நாள் அப்போது எந்த மொழி வைத்தியருக்கும் உறுதியாகத் தெரியாது. எங்கள் மூத்தம்மாமாருக்கு யார்தான் விளக்கம் சொல்லியிருக்க முடியும்?

விடை 1924இல் யப்பானிலிருந்து வந்தது. சத்திரசிகிச்சையின்போது சூலகங்களைக் கவனித்து வந்த கியூசாக்கு ஒகினோ, முட்டை வெளியேறுவது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் என்று கண்டார். ஒஸ்திரியாவின் ஹெர்மன் க்னவுஸ் 1928இல் தனியாக ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். நடு வலியின் நாளும் அதுதான்.

புடைப்பு 2 சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும்போது சூலகத்தின் மேற்பரப்பு இழுபடுகிறது. அது வெடித்ததும் கசியும் நீரும் சிறிது இரத்தமும் வயிற்றின் உட்சவ்வை உறுத்துகின்றன. வலிக்குக் காரணம் இவைதான் என்று வைத்தியர் கருதுகின்றனர். அடிவயிற்றில் ஒரு பக்கம் வலிக்கும். அடுத்த மாதம் மறுபக்கமும் மாறலாம். சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ இருக்கும், சிலருக்கு ஓரிரு நாள் நீளும். பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருவதுண்டு. பெரும்பாலும் சுடுநீர் ஒத்தடமும் ஓய்வும் பரசிற்றமோலும் போதும்.

ஒகினோ நாட்களை எண்ணித்தான் கண்டுபிடித்தார். அந்த எண்ணிக்கை எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. தொழுகைக்காகவும் கழா நோன்புக்காகவும் நாள் கணக்கு வைப்பவர்கள் அவர்கள். 1990இல் ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளம் முகாம்களில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும் அந்தக் கணக்கை அவர்கள் விடவில்லை. அதோடு இன்னும் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள்: வலி வந்த திகதியும் பக்கமும். அடுத்த மாதவிடாய் வந்ததும் பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மாதம் எழுதினால் பிள்ளைக்கே தன் உடல் விளங்கும். வைத்தியருக்கும் அது உதவும்.

ஆனால் எல்லா வலியையும் நடு வலி என்று தட்டிக்கழிக்கவும் கூடாது. காய்ச்சல், வாந்தி, மயக்கம், நேரம் போகப் போகக் கூடும் வலி, இரண்டு நாளிலும் ஓயாத வலி, மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் வரும் வலி ஆகியவை குடல்வால் அழற்சியாகவோ, சூலகம் முறுக்கியதாகவோ, கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாகவோ இருக்கலாம். விடியும்வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்களுக்கு வேறொன்றை நினைவூட்டும் எண்தான், ஆனாலும் உயிர் காக்க அதை அழுத்தத் தயங்காதீர்கள்.

மாதவிடாய்க் குளிப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டவர்கள் அன்ஸாரிப் பெண்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் உம்மாவிடமும் ரீச்சரிடமும் மருத்துவமாதுவிடமும் கேட்க ஏன் கூச வேண்டும்?

பிள்ளை வலிக்கிறது என்றால் முதலில் நம்புவோம். திகதியைப் பிறகு கேட்போம்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக. ஆமீன்.