அப்பர் தாம்சன் சாலையில் ஒரு பந்தயக் காலம்

சிங்கப்பூர்க் கார்ப் பந்தயம் என்றாலே 2008-இல் தொடங்கிய மரினா பே இரவுப் பந்தயம்தான் மாணவர்கள் நினைவுக்கு வருகிறது. அதற்கு வெகு முன்பே, 1961 செப்டம்பரில், அப்பர் தாம்சன் சாலை ஒரு வார இறுதியில் பந்தயத் தடமாயிற்று. அன்றாடம் மக்கள் பயன்படுத்திய பொதுச்சாலை அது, ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர்ச் சுற்று. ஓரமெங்கும் மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம். ஒரு வளைவுக்குச் 'சாத்தான் வளைவு' என்றே பெயர்! ஆயினும் உள்ளூர் ஓட்டுநர்கள் விரும்பியே களமிறங்கினர். மோட்டார் சைக்கிள்களும் ஓடின. 1967-இல் சிங்கப்பூரர் ரோட்னி சியாவ் வாகை சூடினார். அத்துணிவைப் போற்றலாம், அத்தடத்தைப் போற்ற எனக்கு மனமில்லை. 1972, 1973 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஓட்டுநர்கள் உயிரிழந்தனர். 1973-க்குப்பின் அங்குப் பந்தயம் நடைபெறவில்லை. தடத்தின் ஒரு பகுதியான பழைய அப்பர் தாம்சன் சாலையோரம் 2019-இல் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று சாலைக்கு மேலே, குரங்குகள் கடந்து செல்லக் கயிற்றுப் பாலங்கள் தொங்குகின்றன.