மனவிழிப்புணர்வு சார் உளநலப் பயிற்சித் திட்டங்கள்

மனவிழிப்புணர்வு சார் உளநலப் பயிற்சித் திட்டங்கள் என்பன, அந்தந்தக் கணத்தில் உடலிலும் உள்ளத்திலும் எழுவனவற்றை நல்லது, தீயது எனத் தீர்ப்பிடாமல் உற்றுக் கவனிக்கும் பழக்கத்தை முறைப்படி கற்பிக்கும் குழுப் பயிற்சிகள் ஆகும். ஆங்கில வழக்கில் மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் இக்கவனம் பௌத்த மரபிலிருந்து பெறப்பட்டது. எனினும் இத்திட்டங்கள் சமயச் சார்பின்றி நடத்தப்படுகின்றன. நாட்பட்ட வலி, மன அழுத்தம், பதற்றம், திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இவை பயன்படுத்தப்படுகின்றன.

சொற்பொருள்

பாளி மொழியில் இது சதி எனவும் வடமொழியில் ஸ்மிருதி எனவும் வழங்கும். இரு சொற்களுக்கும் நினைவு என்பதே அடிப்படைப் பொருள். புத்தர் கூறிய எண்வழிப் பாதையின் ஏழாம் உறுப்பாகிய இதனைத் தமிழில் நற்கடைப்பிடி என்பர். பழந்தமிழில் கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்ற பொருள் உண்டு. கவனம் சிதறும்போது அதை மறவாது மீட்டுக் கொணர்தலே இப்பயிற்சியின் மையம் என்பதால் இப்பெயர் பொருத்தமானது எனலாம்.

வரலாறு

மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபட்-சின், 1979 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் "மனவிழிப்புணர்வு சார் மன அழுத்தத் தணிப்பு" என்னும் திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவத்தால் முழுமையாகக் குணமாகாத நாட்பட்ட வலியுடையோர் இதில் முதலில் சேர்க்கப்பட்டனர்.

பின்னர் சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள் இதனை அறிதிறன் சிகிச்சையுடன் இணைத்து, மனச்சோர்வு மீள்வதைத் தடுக்கும் "மனவிழிப்புணர்வு சார் அறிதிறன் சிகிச்சை"யை உருவாக்கினர். இதன் கையேடு 2002 ஆம் ஆண்டு வெளிவந்தது.

அடிப்படைக் கொள்கைகள்

இத்துறை பரவியபோது, எளிய தளர்வுப் பயிற்சிகளும் இதே பெயரில் வழங்கத் தொடங்கின. ஆகவே ரெபெக்கா கிரேன், கபட்-சின், வில்லியம்ஸ் உள்ளிட்டோர் 2017 ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் இத்திட்டங்களின் இலக்கணத்தை வரையறுத்தனர். தறியின் பாவு நூலையும் ஊடை நூலையும் அவர்கள் உவமையாகக் கொண்டனர். எத்திட்டத்திலும் மாறாமல் இருக்க வேண்டிய பாவு நூல்கள் வருமாறு:

* தியான மரபுகள், அறிவியல், மருத்துவம், உளவியல், கல்வியியல் ஆகியவற்றின் சங்கமமாக இருத்தல்.
* துன்பம் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு தணிகிறது என்பதற்கான தெளிவான விளக்கத்தைக் கொண்டிருத்தல்.
* அனுபவத்துடன் புதிய உறவை வளர்த்தல். துன்பம் தரும் உணர்விலிருந்து ஓடாமல் அதை அணுகி நோக்குதலும், எண்ணத்தை எண்ணமாக மட்டுமே காணுதலும் இதில் அடங்கும். "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் உண்மை அன்று, மனத்தில் எழுந்து மறையும் ஒரு நிகழ்வு என உணர்வது இதற்கு எடுத்துக்காட்டு.
* கவனம், உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றைத் தாமே நெறிப்படுத்தும் திறனையும், பரிவு, சமநிலை போன்ற பண்புகளையும் வளர்த்தல்.
* தொடர்ந்த தியானப் பயிற்சியும், அனுபவத்தை வினவிக் கற்கும் உரையாடலும் இருத்தல்.

பயிற்றுநருக்கும் இலக்கணம் உண்டு. அவர் முறையான பயிற்சி பெற்றவராகவும், தாமே தொடர்ந்து தியானம் செய்பவராகவும் இருத்தல் வேண்டும்.

ஊடை நூல் என்பது இடத்திற்கும் மக்களுக்கும் ஏற்ப மாறுவது. எடுத்துக்காட்டாக, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் வட்டாரத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலைக்குச் செல்வர். அத்தகையோருக்கு வகுப்பின் நேரம், வீட்டுப் பயிற்சியின் அளவு, பேசும் மொழி ஆகியவற்றை மாற்றியமைக்கலாம். மேற்கூறிய கொள்கைகளைக் கைவிடலாகாது.

பயிற்சி முறை

வழக்கமாக 8 வாரங்கள், வாரம் ஒருமுறை 2 முதல் 2.5 மணி நேர வகுப்பு நடைபெறும். முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்லச் சுவைக்கும் பயிற்சி அளிக்கப்படும். கால்விரல் முதல் தலை வரை கவனத்தைச் செலுத்துதல், மூச்சை நோக்கி அமர்தல், எளிய யோகாசனம், நடைத் தியானம் ஆகியன பிற பயிற்சிகள். மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கமன்று.

ஆய்வு முடிவுகள்

2000 ஆம் ஆண்டு வெளியான டீஸ்டேல் குழுவினரின் ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வுற்றிருந்தவர்களுள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது. இப்பயிற்சியும் பெற்றோரில் இது 37 விழுக்காடாக இருந்தது. இருமுறை மட்டுமே நோயுற்றோரிடம் இப்பயன் காணப்படவில்லை. பிரித்தானியத் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2004 ஆம் ஆண்டு இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

மாறாக, பிரித்தானியப் பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வழக்கமான பள்ளிப் பாடங்களைவிட இப்பயிற்சி கூடுதல் பயன் தரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

விபாசனா முகாம்களிலிருந்து வேறுபாடு

இந்தியாவில் இத்திட்டங்கள் விபாசனா முகாம்களோடு ஒன்றாகக் கருதப்படுவதுண்டு. பர்மாவில் பிறந்த ச. நா. கோயங்கா 1969 ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விபாசனாவைக் கற்பித்தார். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் இம்மரபின் தம்மசேது மையம் உள்ளது. இம்முகாம்களில் 10 நாட்கள் பேசாநோன்புடன் தங்கித் தியானம் செய்ய வேண்டும். இவை நோய்க்கான சிகிச்சை அல்ல. கடுமையான உளநோய் உடையோர் சேர வேண்டாம் என்று இம்மையங்களே அறிவுறுத்துகின்றன. உளநலத் திட்டங்களில் பங்கேற்பாளர் வீட்டிலிருந்தே வந்து செல்வதால், அவரது நிலையைப் பயிற்றுநர் வாரந்தோறும் கேட்டறிய இயலும்.

வரையறைகள்

தியானத்தின்போது சிலருக்குப் பதற்றம் மிகுதலும், பழைய அதிர்ச்சி நினைவுகள் மீளுதலும் உண்டு. எனவே சேரும் முன் உளநல வரலாற்றைக் கேட்டறிதல் வழக்கம். தற்கொலை எண்ணம், மனச்சிதைவு போன்றவற்றுக்கு மனநல மருத்துவரின் உதவி முதலில் தேவை. பயிற்சியில் சேர்ந்தோர் மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது.

இவற்றையும் பார்க்க

* மனச்சோர்வு
* எண்வழிப் பாதை
* விபாசனா
* அறிதிறன் நடத்தைச் சிகிச்சை