புதுச்சேரியின் மண்தாங்கு சுவர்கள்: கோட்டை அகழி முதல் வாய்க்கால் கரை வரை

ஆய்வுச் சுருக்கம்

மண்ணின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் கட்டுமானம் மண்தாங்கு சுவர் எனப்படும். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரியில் இச்சுவர் கோட்டைச் சுவராகவும் கடற்கரைச் சுவராகவும் வாய்க்கால் கரைச்சுவராகவும் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சியைப் பிரெஞ்சுப் பொறியியலின் கோட்பாட்டு வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டி முடிக்கப்பட்ட சுவரின் உறுதியை மட்டும் கணக்கிடும் வழக்கம், சுவர் எழும்முன் வெட்டப்படும் பள்ளத்தின் உறுதியைக் கணக்கில் கொள்ளத் தவறுகிறது என்பதும், 2024ஆம் ஆண்டு புதுச்சேரியில் நிகழ்ந்த இரு விபத்துகள் இதனை உணர்த்துகின்றன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மண்தாங்கு சுவர், புதுச்சேரி, லாஸ்பேட்டை, கூலோம், மண் அழுத்தம், கடற்சுவர், வாய்க்கால்.

முன்னுரை

புதுச்சேரி நகரின் வடமேற்கே செம்மண் மேட்டை ஒட்டி அமைந்த பகுதி லாஸ்பேட்டை. மேட்டில் பெய்யும் மழைநீர் தாழ்வான நகர்ப்பகுதிகளை நோக்கி இறங்கி, வாய்க்கால்கள் வழியே கடலைச் சேர்கிறது. மேட்டையும் தாழ்வையும் ஒருங்கே கொண்ட நகரில் மண்ணை நிறுத்தும் சுவர்கள் தவிர்க்க இயலாதவை. லாஸ்பேட்டை என்னும் பெயர், 1765 முதல் 1777 வரை புதுச்சேரியின் ஆளுநராக விளங்கிய ழான் லா தெ லொரிஸ்தோனின் பெயரால் அமைந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இடிந்து கிடந்த புதுச்சேரியை மீண்டும் எழுப்பும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. மண்ணழுத்தம் பற்றிய நவீனக் கோட்பாடு பிரெஞ்சுப் பேரரசின் மற்றொரு மூலையில் உருவான காலமும் அதுவே. இவ்விரு நிகழ்வுகளின் பொருத்தமே இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

கோட்டைச் சுவரும் மண்ணும்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் எழுந்த லூயி கோட்டை, பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் வோபானின் முறையைத் தழுவிய ஐங்கோணக் கோட்டையாகும். இவ்வகைக் கோட்டையின் வலிமை கல்லில் மட்டும் இல்லை. பீரங்கிக் குண்டுகளை விழுங்கும் ஆற்றல் மதிலின் உள்ளே நிரப்பப்பட்ட மண்ணுக்கே உரியது. அந்த மண்ணை அகழிப் பக்கம் சரியாமல் நிறுத்துவது வெளிப்புறச் சுவரின் பணி. எனவே கோட்டை மதில் என்று வழங்கப்படுவது அடிப்படையில் ஒரு மண்தாங்கு சுவரே. முற்றுகையிடுவோர் சுவரின் அடிப்பகுதியைத் தாக்கித் தகர்த்தால், உள்ளிருக்கும் மண் தானே சரிந்து அகழியைத் தூர்த்து, படை ஏறிவரச் சாய்தளம் அமைத்துக் கொடுத்துவிடும். பிரெஞ்சுப் பொறியாளர்கள் மண்ணழுத்தத்தை ஊன்றி ஆராய்ந்ததற்கு இப்போர்த் தேவையே காரணம்.

வோபான் சுவரின் உயரத்திற்கேற்ற கனத்தை அனுபவத்தின் அடிப்படையில் வகுத்தார். சுவரின் பின்புறத்தில் மண்ணுக்குள் நீளும் முட்டுத்தூண்களையும் சேர்த்தார். 1729இல் வெளிவந்த பெலிதோரின் பொறியியல் நூல், மண் 45 பாகைச் சாய்வில் சரியும் எனக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட முயன்றது. இம்முயற்சிகள் நடைமுறைக்கு உதவினவாயினும், மண் எந்தத் தளத்தில், ஏன் சரிகிறது என்ற வினாவிற்கு விடை தரவில்லை.

1742இல் ஆளுநரான துய்ப்ளெக்ஸ், கடலை நோக்கித் திறந்து கிடந்த நகரின் கிழக்குப் பக்கத்தில் அரண் சுவரை எழுப்பினார். செலவைக் குறைக்குமாறு கம்பெனி இட்ட ஆணையையும் மீறி அவர் இதனைச் செய்தார். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கோட்டையையும் அரண்களையும் இடித்துத் தள்ளினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கைப்படி நகர் திரும்பக் கிடைத்தபின், 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் அதனை மீண்டும் கட்டத் தொடங்கினார்.

மார்த்தினிக்கில் பிறந்த கோட்பாடு

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், மேற்கிந்தியத் தீவான மார்த்தினிக்கில் சார்ல் கூலோம் என்ற இளம் இராணுவப் பொறியாளர் கோட்டைப் பணியில் ஈடுபட்டிருந்தார். 1764 முதல் 1772 வரை அங்குப் பணியாற்றிய அவர், தாம் கட்டிய சுவர்களிலிருந்து எழுந்த வினாக்களை ஆய்வுரையாக்கி 1773இல் பாரிசு அறிவியல் கழகத்தின்முன் படித்தார். அது 1776இல் அச்சேறியது.

கூலோமின் கருத்து எளிமையானது. சுவர் சற்றே முன்னோக்கி அசையும்போது, அதன் பின்னுள்ள மண்ணில் ஆப்பு வடிவான ஒரு பகுதி பிரிந்து கீழிறங்க முயல்கிறது. அந்த ஆப்பின் எடை அதனை இறக்குகிறது. சரிவுத் தளத்தில் எழும் உராய்வும் மண்துகள்களின் ஒட்டுறவும் அதனைத் தடுக்கின்றன. எத்தனையோ சரிவுத் தளங்கள் இருக்கலாமாயினும், சுவர்மீது மிகுதியான அழுத்தத்தைத் தரும் தளமே கணக்கிற்கு உரியது. 45 பாகை என்ற முன்முடிவு இவ்வாறு கைவிடப்பட்டது. 1857இல் ராங்கின் இதனை வேறு வழியில் எளிமையாக்கினார். இன்றுவரை பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கற்பிக்கப்படுவன இவ்விருவரின் முறைகளே.

கூலோமின் உரையில் அதிகம் பேசப்படாத பகுதியொன்று உண்டு. சுவரே இல்லாமல் செங்குத்தாக வெட்டப்பட்ட மண் எவ்வளவு உயரம்வரை தானே நிற்கும் என்பதையும் அவர் கணக்கிட்டார். சுவரின் கணக்கும் சுவரற்ற பள்ளத்தின் கணக்கும் ஒரே உரையில், ஒரே ஆப்பிலிருந்து பிறந்தவை. பின்னாளைய நடைமுறையில் முன்னது வளர்ந்தது. பின்னது பல பணியிடங்களில் மறக்கப்பட்டது.

சுவர் வகைகளும் வடிவமைப்பும்

1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, இந்தியக் குடியேற்றங்களில் பிரான்சு அரண்கள் கட்டுவதைத் தடை செய்தது. அதன்பின் புதுச்சேரியின் மண்தாங்கு சுவர்கள் போர்ப்பணியை விட்டு நகர்ப்பணிக்கு வந்தன. பழைய அரண்களின் தடத்தில் புல்வார்ச் சாலைகள் அமைந்தன. கடற்கரையிலும், வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரித்த பெரிய வாய்க்காலிலும் கரைச்சுவர்கள் இடம்பெற்றன.

இக்காலச் சுவர்கள் பெரும்பாலும் எடைச்சுவர்கள். கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன இவை தம் எடையாலேயே மண்ணைத் தாங்குகின்றன. இவற்றின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். 3 மீட்டர் உயரமும், மேலே 0.6 மீட்டர், அடியில் 1.8 மீட்டர் கனமும் கொண்ட கற்சுவரின் எடை, ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 7.9 டன். பின்புறம் கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள, 30 பாகை உராய்வுக் கோணம் கொண்ட உலர்ந்த மணல் இருப்பின், அது தரும் தள்ளுவிசை 2.7 டன். அடித்தள உராய்வுக் கெழு 0.55 எனில், சறுக்கலுக்கு எதிரான காப்பு 1.6 மடங்கு, கவிழ்தலுக்கு எதிரான காப்பு 3 மடங்குக்கும் மேல். சுவர் பாதுகாப்பானது.

அதே மண்ணில் மேல்மட்டம்வரை நீர் தேங்கினால் நிலை மாறுகிறது. நீரில் மூழ்கிய மண்ணின் தள்ளுவிசை 1.5 டன்னாகக் குறைந்தாலும், நீர் தனியே 4.5 டன் விசையைச் சேர்க்கிறது. மொத்தம் 6 டன். கவிழ்தலுக்கு எதிரான காப்பு 1.5 மடங்காகக் குறைய, சறுக்கலுக்கு எதிரான காப்பு 0.7 என்ற அளவிற்கு இறங்கிவிடுகிறது. அதாவது சுவர் கவிழும்முன்பே அடியோடு முன்னோக்கி நகரும். மழைக்காலத்தில் சுவர்கள் விழுவதன் காரணம் இதுவே. கசிவுத் துளைகளும் சுவரின் பின்னே இடப்படும் சரளைக்கல் வடிகட்டியும் அலங்காரமல்ல; சுவரின் எடைக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை.

இருபதாம் நூற்றாண்டில் கம்பியிட்ட கான்கிரீட் எடைச்சுவரின் இடத்தைப் பிடித்தது. 1892இல் பிரான்சில் என்னபிக் பெற்ற காப்புரிமை இதன் பரவலுக்கு வழிவகுத்தது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி இத்தொழில்நுட்பத்தின் தொடக்ககால இந்தியச் சான்றுகளுள் ஒன்று. கான்கிரீட் கான்டிலீவர் சுவர், தலைகீழாக நிறுத்திய ‘T’ போன்ற வடிவில் செங்குத்துத் தண்டும் அகன்ற அடித்தட்டும் கொண்டது. அடித்தட்டின் பின்பகுதிமேல் அமரும் மண்ணின் எடையே சுவர் கவிழாமல் காக்கிறது. தள்ளும் மண்ணே தாங்கும் மண்ணாகவும் ஆகிறது. ஏறத்தாழ 6 மீட்டர் உயரம்வரை இது சிக்கனமானது. அதற்கு மேல் தண்டையும் அடித்தட்டையும் குறுக்குத் தடுப்புகளால் இணைக்கும் கவுண்டர்ஃபோர்ட் சுவர் பயன்படுகிறது. வோபானின் முட்டுத்தூண்களே கான்கிரீட்டில் மறுபிறவி எடுத்தன எனலாம். இடம் குறைந்த வாய்க்கால் ஓரங்களில் தரைக்குள் ஆழ அடிக்கப்படும் இரும்புத் தகட்டு அரண்களும், கம்பிவலைக்குள் கற்களை அடுக்கிய கேபியன் சுவர்களும், 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி விதால் உருவாக்கிய, மேம்பாலச் சரிவுகளில் இன்று பரவலாகக் காணப்படும் வலுவூட்டிய மண்சுவர்களும் பிற வகைகள்.

கடற்சுவரின் படிப்பினை

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதி பெரும் சேதமின்றித் தப்பியது. 1735இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய கடற்சுவரே இதற்குக் காரணம் எனச் செய்தி நிறுவனங்கள் எழுதின. இக்கூற்று திருத்தத்திற்கு உரியது. 1742இல் துய்ப்ளெக்ஸ் வந்தபோது கடற்பக்கம் அரணின்றி இருந்ததும், 1761இல் அரண்கள் இடிக்கப்பட்டதும், ஒரே சுவர் 1735 முதல் தொடர்ந்து நின்றது என்ற கருத்திற்கு முரணானவை. நகரைக் காத்தது ஒரே காலத்தில் கட்டப்பட்ட சுவரன்று. பல தலைமுறைகளில் உயர்த்தப்பட்ட கரையும் அதன்முன் தொடர்ந்து கொட்டப்பட்ட பாறைக்குவியலும் ஆகும்.

அப்பாறைகளின் தேவையும் கவனத்திற்குரியது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைத்தடுப்புகள் அமைந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. நகரின் கடற்கரை மணல் அரிக்கப்பட்டது. மணல் போனதும் சுவரின் அடி வெளிப்பட்டது. சுவரின் முன்னுள்ள மண் அடித்தளத்தை எதிர்நின்று தாங்குகிறது. அதனை இழந்த சுவர், எத்தனை கனமாயினும், நிலைகுலையும். பாறைகள் அந்த இழப்பை ஈடுசெய்தன. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் செயற்கைத் திட்டை நிறுவியபின் மணல் ஓரளவு திரும்பியது. சுவரை உயர்த்துவதைவிட அதன் அடியைக் காப்பது முதன்மையானது என்பது இதன் படிப்பினை.

வாய்க்கால் கரையில் 2024

இப்படிப்பினை வாய்க்கால்களுக்கும் பொருந்தும். 2024 சனவரி 22 அன்று ஆட்டுப்பட்டி அம்பேத்கர் நகரில், உப்பனாற்று வாய்க்காலில் பக்கச்சுவர் எழுப்பும் பணிக்காக மண் தோண்டப்பட்டபோது, அருகில் புதிதாகக் கட்டப்பட்ட மூன்று மாடி வீடு சரிந்து வீழ்ந்தது. உயிரிழப்பு இல்லை. பத்து வாரங்களுக்குள், மார்ச் 31 அன்று, மரப்பாலம் வசந்தம் நகரில் வாய்க்கால் பணியின்போது துணைமின் நிலையத்தின் மதிற்சுவர் சரிந்து, பள்ளத்தில் வேலை செய்த தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

இரு நிகழ்விலும் பொதுவான நிலை ஒன்று உண்டு: பழைய தாங்குதல் அகற்றப்பட்டுவிட்டது, புதிய சுவர் இன்னும் எழவில்லை. கூலோமின் இரண்டாம் கணக்கு இந்த இடைவெளிக்கு உரியது. சதுர மீட்டருக்கு 1 டன் ஒட்டுறவு மட்டுமே கொண்ட மென்களியில் செங்குத்து வெட்டு, கோட்பாட்டின்படி, சுமார் 2.2 மீட்டர் ஆழம்வரை நிற்கும். கரையின்மேல் சதுர மீட்டருக்கு 0.9 டன் சுமை இருந்தால் அவ்வாழம் 1.2 மீட்டராகச் சுருங்கிவிடும். ஒரு மதிலோ வீடோ மண்குவியலோ இச்சுமையைத் தர வல்லது. விரிசல்களில் நீர் இறங்கினால் அளவு மேலும் குறையும். இவை இரு விபத்துகளின் அளவீடுகளல்ல. மென்மையான வாய்க்கால் கரையில் ஆளுயரப் பள்ளமும் ஆபத்தானது என்பதைக் காட்டும் கணக்குகள்.

இதற்கான காப்பு முறைகள் புதியன அல்ல. தோண்டும்முன் தகட்டு அரண் அடித்தல், பள்ளத்தின் இருபக்கமும் பலகையும் குறுக்குச் சட்டமும் கொடுத்து முட்டுக் கொடுத்தல், நீண்ட பள்ளத்தை ஒரே வீச்சில் வெட்டாது சிறுசிறு பகுதிகளாக வெட்டிக் கட்டி முடித்தல், அருகிலுள்ள கட்டடங்களின் அடித்தள ஆழத்தை முன்னரே அறிதல் ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஆயினும் இவை வரைபடத்தில் இடம்பெறாமல், ஒப்பந்ததாரரின் விருப்பத்திற்கு விடப்படும்போது, செலவைக் குறைக்க முதலில் நீக்கப்படுவனவும் இவையே.

முடிவுரை

புதுச்சேரியின் மண்தாங்கு சுவர் வரலாறு, கல்லிலிருந்து கான்கிரீட்டிற்கும் போரிலிருந்து வடிகாலுக்கும் நகர்ந்த வரலாறு. இம்மாற்றங்களிடையே மாறாதவை மூன்று: சுவரின் பின்னே தேங்கும் நீர், சுவரின் முன்னே குறையும் மண், சுவர் எழுமுன் திறந்து கிடக்கும் பள்ளம். முதல் இரண்டையும் வடிவமைப்பு விதிகள் பெரும்பாலும் கணக்கில் கொள்கின்றன. மூன்றாவது, கட்டுமானப் பொறுப்பாளரின் கவனத்தைச் சார்ந்தே நிற்கிறது. பாதிப்புக்கு உள்ளாவோர் வடிவமைப்பாளர்களோ பயனாளர்களோ அல்லர். பள்ளத்தில் இறங்கி வேலை செய்யும் கூலித் தொழிலாளர்கள். எனவே தற்காலிகத் தாங்கலையும் நிலையான சுவரைப் போன்றே கணக்கிட்டு, வரைந்து, விலைப்பட்டியலில் தனி இனமாகச் சேர்ப்பதை நகர்ப்பணிகளில் கட்டாயமாக்குதல் வேண்டும். 1773ஆம் ஆண்டின் உரை ஒன்றாக வைத்த இரு கணக்குகளை நடைமுறையும் ஒன்றாக வைத்தல் இன்றியமையாதது.