ஏட்டில் ஒன்று, நாவில் ஒன்று

திருவல்லிக்கேணி என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது 1795-இல் கட்டப்பெற்ற வாலாஜா பெரிய பள்ளிவாசல். அவ்வூரை ஆங்கிலேயர் தம் ஏடுகளில் 'டிரிப்ளிகேன்' ஆக்கினர். எழும்பூர் 'எக்மோர்' ஆயிற்று; தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி, ஐரோப்பியர் நாவில் 'டிராங்குபார்' என்றானது.

இதனை அயலாரின் செருக்கு என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. காதில் விழுந்த ஒலியைக் கையிலுள்ள எழுத்துக்குள் அடக்குவது எவர்க்கும் அரிது. 14-ஆம் நூற்றாண்டில் மஃபர் என்னும் நம் கடற்கரைக்கு வந்த இப்னு பதூதா, இங்குள்ள துறைமுக நகரொன்றை 'ஃபத்தன்' என்று குறித்தார். பட்டினம் என்ற சொல்லே அவ்வாறு உருமாறிற்று. அரபியில் பகரமும் இல்லை, டகரமும் இல்லை. அவர் வேறென்ன செய்வார்?

ஆனால், அதே அரபு எழுத்தில் தமிழை எழுதப் புகுந்த நம் முன்னோர் வேறு வழி கண்டனர். எழுத்து போதவில்லை என்று ஒலியைக் குறைத்தாரில்லை. பகரத்திற்கும் டகரத்திற்கும் ழகரத்திற்கும் அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய வடிவங்கள் அமைத்தனர். அதுவே அரபுத் தமிழ். நம் பாட்டிமார் பலர் கடிதம் எழுதியதும் அவ்வெழுத்திலேதான்.

ஆங்கில எழுத்தில் இம்முயற்சி இன்னும் கைகூடவில்லை. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசின் ஆணை வெளிவந்தது. புதிய எழுத்தமைப்பைப் பற்றிப் பலவாறு குறைகள் எழுந்தன. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதில் நமக்கென்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். பிழைப்பை நாடிக் கடல் கடந்த நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே பிறந்து, தமிழ் எழுத்து அறியாமல் வளரும் பேரப்பிள்ளைக்குப் பாட்டனாரின் ஊர், கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்தாகவே அறிமுகமாகிறது. கீழக்கரையை அப்பிள்ளை 'கிலாகரை' என்று படித்தால் குற்றம் யாருடையது? அந்த எழுத்தில் ழகரம் இல்லை. வீட்டிலும் எவரும் சொல்லித் தரவில்லை.

பலகையும் பதிவேடும் திருந்தும்போது திருந்தட்டும். அதுவரை காத்திராமல், இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்தி, நம் ஊரின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் செய்வோம். நாவில் நிலைத்துவிட்ட பெயரை எந்த ஏடும் மாற்றிவிடாது.