கோவை நிரந்தர உரச் சோதனை

கோவை நிரந்தர உரச் சோதனை (1909) என்பது கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிப் பண்ணையில் தொடங்கப்பட்ட நீண்டகால மண்வள ஆய்வு. ஒரே நிலத்தின் பாத்திகளுக்கு ஆண்டுதோறும் வெவ்வேறு உரங்களை இட்டு, மண்ணிலும் விளைச்சலிலும் ஏற்படும் மாற்றங்களைப் பதிவு செய்வது இதன் நோக்கம். இந்தியாவில் இவ்வகையில் நடந்த மிகப் பழைய சோதனைகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மழை குறைந்த மேட்டுநிலம். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம் எனவும், மழையை மட்டும் நம்பிய நிலம் காடு எனவும் அழைக்கப்படுகிறது. தோட்டத்தில் காய்கறி, புகையிலை, மஞ்சள் போன்றவை அடுத்தடுத்துப் பயிரிடப்பட்டதால் மண்ணுக்குத் தொடர்ந்து எரு தேவைப்பட்டது.

குளிர்நாடுகளில் நிலத்துக்கு எருவிட்டு ஓய்வு கொடுப்பது பனிக்காலத்தில். கொங்கு நாட்டில் அதற்கு இணையான பருவம் தை அறுவடைக்குப் பிந்தைய கோடை. அப்போது தொழுவத்துக் குப்பையை வண்டியில் ஏற்றி வந்து நிலத்தில் கொட்டி இறைப்பர். குளத்து வண்டல் மண்ணும் கொளிஞ்சித் தழையும் இடுவதுண்டு. ஆட்டுப்பட்டி போடுவது மற்றொரு முறை. இரவில் ஆடுகளை வயலில் அடைத்து, பட்டியை அடிக்கடி இடம் மாற்றுவர். புழுக்கையும் சிறுநீரும் நேரடியாக மண்ணில் சேரும். சத்து வெயிலில் வீணாகாமல் இருக்க உடனே உழுதுவிடுவர்.

வெப்பம் மிகுந்த இம்மண்ணில் மட்கு விரைவில் சிதைந்துவிடும். ஆகவே எருவிடுதல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையாக இருந்தது.

சோதனை

சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளியின் வழிவந்த கல்லூரி, 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவந்த உரச் சோதனைகள் இத்தகைய ஆய்வுகளுக்கு முன்னோடி. கோவையில் சில பாத்திகளுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை தனித்தனியாகவும் சேர்த்தும் இடப்பட்டன. ஒரு பாத்திக்குத் தொழுவுரம் மட்டும் இடப்பட்டது. ஒப்பீட்டுக்காக ஒரு பாத்தி எதுவும் இடாமல் விடப்பட்டது. முதல் சோதனை மானாவாரியாக நடந்தது. 1925-ல் பாசன நிலத்தில் இரண்டாவது சோதனை தொடங்கப்பட்டது.

மெக்காரிசனின் ஆய்வு

குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு செய்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்துடன் இணைந்து இப்பாத்திகளில் விளைந்த தானியத்தைப் பறவைகளுக்கும் எலிகளுக்கும் கொடுத்து ஆராய்ந்தார். தொழுவுரத்தில் விளைந்த தானியம் ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து மிக்கது என்ற முடிவு 1926-ல் வெளியானது. இயற்கை வேளாண்மையை வலியுறுத்தியவர்கள் பின்னாளில் இதை அடிக்கடி எடுத்துக்காட்டினர். ஆனால் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் அனைத்திலும் இதே முடிவு கிடைக்கவில்லை. உணவின் சத்து குறித்த விவாதம் தொடர்ந்தது.

மண் காட்டிய முடிவு

மண்ணைப் பற்றிய முடிவு தெளிவானது. தொழுவுரம் இட்ட பாத்திகளில் கரிமச்சத்து கூடியது. ஒரு சத்தை மட்டும் இட்ட பாத்திகளில் மற்ற சத்துகள் குறைந்து விளைச்சல் தாழ்ந்தது. ரசாயன உரத்தையும் தொழுவுரத்தையும் சேர்த்து இட்டபோது நல்ல விளைச்சல் நிலைத்து நின்றது.

இதே காலகட்டத்தில் தொழுவுரம் கிடைக்கும் வழி சுருங்கத் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தபின் கிணறுகளில் மின்மோட்டார்கள் பெருகின. கவலை இறைத்த எருதுகளுக்கு வேலை குறைந்தது. பின்னர் டிராக்டர் உழவையும் எடுத்துக்கொண்டது. எருதுகள் குறையவே குப்பைமேடும் சிறுத்தது. எருவின் பயனைச் சோதனை வயல் எண்களில் நிறுவிய அதே நூற்றாண்டில், அந்த எருவைத் தந்த கால்நடைகள் தோட்டங்களிலிருந்து குறைந்தன.

முக்கியத்துவம்

மட்கு கூடுவதும் குறைவதும் ஓரிரு ஆண்டுகளில் புலப்படாது. ஒரே பாத்தியில் ஒரே முறையைப் பல பதிற்றாண்டுகள் கடைப்பிடித்ததாலேயே இம்முடிவுகள் கிடைத்தன. 1971-ல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழும் இச்சோதனை தொடர்ந்தது.